இருதயத்தின் தந்தியைப் படித்தவர்

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று சங்கச் செயலாளர் என்னைக் கேட்டபோது, வழக்கம்போல் ஒரு புலவரைப் பற்றியோ தேசத் தலைவரைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றே எதிர்பார்த்திருப்பார். அப்பெரியோரைப் பற்றி என்னைவிடக் கற்றவர்கள் முந்தைய மலர்களில் எழுதியிருக்கின்றனர். இம்முறை நான் எடுத்துக்கொண்டவர் தமிழரும் அல்லர். பாரத நாட்டவரும் அல்லர். ஹாலந்து தேசத்தைச் சேர்ந்த வில்லெம் ஐந்தோவன் என்பவர் அவர். வைத்திய உலகம் அவரை நன்கு அறியும். நம் காலனியில் அவர் பெயரைக் கேள்விப்படாத வீடுகள் பல இருக்கலாம். ஆனால் அவர் வகுத்த முறைப்படி எடுத்த படமொன்று அலமாரியில் இல்லாத வீடு அநேகமாக இராது. ஈ.ஸி.ஜி. என்று நாம் சொல்லும் அந்த நீண்ட காகிதத்தை உலகுக்கு அளித்தவர் அவரே.

அவரை நான் தேடிச் சென்ற காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழிக் காலையில், என் தகப்பனார் பால் வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகையில் நினைவு தப்பி விழுந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் கார்டு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தலைவலி என்றுகூடப் படுத்தறியாதவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றபோது அவருடைய நாடி நிமிஷத்துக்கு 34 முறைதான் அடித்தது. அங்கிருந்த இளம் டாக்டர் ஈ.ஸி.ஜி. எடுத்து, அந்தக் காகிதத்தை மேஜைமேல் விரித்து, பென்சில் முனையால் எனக்குக் காட்டினார். சிறிய மேடுகள் ஒரு கணக்கில் சீராகப் போய்க்கொண்டிருந்தன. உயர்ந்த சிகரங்கள் வேறொரு கணக்கில், மிக மெதுவாக, ஆனால் அவையும் சீராகவே போய்க்கொண்டிருந்தன. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. இருதயத்தில் பிளாக் என்றார் டாக்டர்.

எங்கள் இலாகாவில் பிளாக் என்றால் வேறு பொருள். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரே சமயத்தில் ஒரு வண்டிக்கு மேல் இராதபடி காக்கும் ஏற்பாட்டுக்கே அப்பெயர். பொது வழக்கிலோ, இருதயத்தில் பிளாக் என்றால் இரத்தக் குழாயில் அடைப்பு என்று கொள்கிறோம். நானும் அப்படி எண்ணித்தான் அஞ்சினேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். குழாய் அடைப்பு வேறு, இது வேறு. இங்கே பழுதுபட்டது செய்தி செல்லும் வழி. மேலறைகளிலிருந்து புறப்படும் உத்தரவு கீழறைகளுக்கு எட்டவில்லை. கீழறைகள் தாமாகவே ஒரு மெதுவான தாளத்தில் துடித்து உயிரைக் காத்துக்கொண்டிருக்கின்றன என்றார். ரயில்வேக்காரனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கம்பி அறுந்துவிட்டது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் தகப்பனாரின் காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், பேஸ்மேக்கர் என்னும் சிறு கருவியை வைத்தார்கள். ஒரு வாரத்தில் வீடு திரும்பினார். அந்தக் காகிதத்தை மட்டும் என்னால் மறக்க இயலவில்லை. மார்பைக் கீறாமல், உள்ளே கம்பி அறுந்திருப்பதை வெளியிலிருந்தே கண்டு சொல்லும் வித்தையைத் தந்தவர் யார் என்று தேடிப் படித்தேன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன் வைத்திய சாஸ்திரம் எழுதத் துணிவதைக் கற்றறிந்தோர் பொறுத்தருள வேண்டும்.

ஐந்தோவன் 1860-ஆம் ஆண்டு மே மாதம் 21-ந் தேதி ஜாவாத் தீவிலுள்ள செமராங் நகரில் பிறந்தார். இன்று இந்தோனேஷியாவின் பகுதியாகிய அத்தீவு அக்காலத்தில் டச்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. தந்தையார் ஜேக்கப் ஐந்தோவன் ராணுவ வைத்தியராக அங்கே சென்று, பின்னர் அந்நகரத்திலேயே வைத்தியம் பார்த்தவர். பெற்றோர் தாய்நாடென்று சொல்லும் ஊரை வீட்டுப் பேச்சில் மட்டுமே கேட்டு, வேறொரு வெயிலில் வளர்ந்த பிள்ளை அவர். நம் காலனிக் குழந்தைகளை அறிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வில்லெமுக்கு ஆறு வயதாகும்போது தந்தையார் காலமானார். நான்கு ஆண்டுகள் அங்கேயே தாக்குப் பிடித்த தாயார், 1870-ல் ஆறு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கப்பலேறி, ஹாலந்தில் யூட்ரெக்ட் என்னும் நகரில் குடியேறினார். பெண்கள் மூவர், ஆண்கள் மூவர். ஆண்மக்களில் மூத்தவர் வில்லெம்.

1878-ல் யூட்ரெக்ட் பல்கலைக் கழகத்தில் வைத்தியம் படிக்கச் சேர்ந்தார். படித்து முடித்துத் தந்தையைப் போலவே கிழக்கிந்தியத் தீவுகளுக்கு வைத்தியராகத் திரும்பிச் செல்வது அவருடைய நோக்கமாக இருந்தது. புத்தகப் புழுவல்லர், படகு வலிப்பதிலும் கத்திச் சண்டையிலும் தேகப் பயிற்சியிலும் முன்னின்றவர். ஒருமுறை விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டிய காலத்தில், கை எவ்வாறு உட்புறமும் வெளிப்புறமும் திரும்புகிறது என்பதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். முழங்கை மூட்டைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1882-ல் அச்சாயிற்று. 1885-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அது கண் பார்வையைப் பற்றிய ஆராய்ச்சிக்காக. அவ்வாண்டே லெய்டன் பல்கலைக் கழகம் அவரை உடலியல் பேராசிரியராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது வயது 25. ஜாவாவுக்குத் திரும்பும் எண்ணம் அத்துடன் நின்றது. அடுத்த ஆண்டில் பதவியேற்று, இறக்கும் வரையில் நாற்பத்தோர் ஆண்டுகள் அதே நாற்காலியில் இருந்தார்.

லெய்டன் என்னும் பெயர் தமிழருக்குப் புதிதன்று. ஆனைமங்கலத்துச் சோழர் செப்பேடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போய்ச் சேர்ந்த ஊர் அது. லெய்டன் செப்பேடுகள் என்றே வரலாற்று நூல்கள் அவற்றைக் குறிக்கின்றன. ஐந்தோவன் வாழ்ந்ததும் வேலை செய்ததும் அவ்வூரிலேதான்.

இருதயம் துடிக்கும்போது மின்சாரம் பிறக்கிறது என்பது அவர் காலத்துக்கு முன்பே தெரிந்த செய்தி. 1856-ல் கோலிக்கர், முல்லர் என்னும் இரு அறிஞர்கள், தவளையின் கால் தசையை அதன் நரம்போடு எடுத்து, அந்நரம்பைத் துடித்துக்கொண்டிருந்த மற்றொரு தவளையின் இருதயத்தின்மேல் கிடத்தினார்கள். இருதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் காலும் உதறிற்று. ஆயினும் உயிருள்ள மனிதனின் மார்பைத் திறந்து நரம்பை வைக்க முடியுமா? உடம்பின் வெளியிலிருந்தே அம்மின்சாரத்தைப் பிடித்துக் காட்டியவர் அகஸ்டஸ் வாலர் என்பவர். 1887-ல் லண்டன் செயின்ட் மேரி ஆஸ்பத்திரியில் அதைச் செய்தார். அவர் பயன்படுத்தியது, நூலளவு துவாரமுள்ள கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பிய கருவி. மின்சாரம் தாக்கினால் பாதரசத்தின் விளிம்பு சற்றே ஏறி இறங்கும். அந்த நிழலைப் படம் பிடிக்க வேண்டும். வாலர் தம் வளர்ப்பு நாயான ஜிம்மியை உப்புநீர்ப் பாத்திரங்களில் கால் வைத்து நிற்கச் செய்து, கூட்டங்களில் இதைக் காட்டுவது வழக்கம். 1909-ல் அந்நாய் துன்புறுத்தப்படுகிறதென்று ஆங்கிலப் பார்லிமெண்டில் கேள்வியே எழுந்தது; பாத்திரத்தில் இருந்தது வெறும் உப்புநீரென்று மந்திரி பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

1889-ல் பேஸல் நகரில் கூடிய உடலியல் மகாநாட்டில் வாலர் இப்பரிசோதனையைச் செய்து காட்டியபோது, பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஐந்தோவனும் ஒருவர். இதிலிருந்து நோயாளிக்குப் பயன் விளையுமென்று வாலரே பெரிதாக நம்பவில்லை. ஐந்தோவன் அதை விடவில்லை. ஊருக்குத் திரும்பித் தாமும் ஒரு பாதரசக் கருவியை அமைத்தார்.

அவருக்கு வந்த முதல் தொல்லை தெருவிலிருந்து வந்தது. பரிசோதனைச் சாலை பழைய கட்டடம். வெளியே கல் பாவிய சாலை. குதிரை வண்டி கடக்கும்போதெல்லாம் தரை அதிர்ந்து பாதரசமும் ஆடும். இருதயத்தின் ஆட்டம் எது, வண்டியின் ஆட்டம் எது என்று தெரியாது. தரையைப் பத்துப் பதினைந்து அடி ஆழம் தோண்டி, பாறைகளை இட்டு நிரப்பி, அதன்மேல் கருவியை வைத்துப் பார்த்தார். அப்போதும் ஆட்டம் நிற்கவில்லை. தண்டவாளத்தின் ஓரத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருந்து, சரக்கு வண்டி போகும்போது அலமாரிப் பாத்திரம் கிணுகிணுப்பதைக் கேட்டவர்கள் அவருடைய எரிச்சலை அறிவார்கள்.

இரண்டாவது தொல்லை பாதரசத்தின் இயல்பிலேயே இருந்தது. அது கனமானது, மந்தமானது. இருதயத்தின் மின்சாரம் நொடியில் நூற்றில் சில பங்கு காலத்தில் ஏறி இறங்கிவிடும். பாதரசம் அசைந்து கிளம்புவதற்குள் செய்தியில் பாதி போய்விடும். ஆகையால் படத்தில் விழுந்தது உண்மை வடிவமன்று, மழுங்கிய வடிவம். ஐந்தோவன் இங்கேதான் தம் மனவுறுதியைக் காட்டினார். வைத்தியம் படித்தவர், கணித நூலை வாங்கி வைத்துக்கொண்டு வகையீட்டுக் கணிதத்தையும் தொகையீட்டுக் கணிதத்தையும் தாமே கற்றார். அவருடைய சகோதரியின் கணவர் யூலியஸ் பௌதிகப் பேராசிரியர். அவருடைய தூண்டுதலும் இருந்தது. பாதரசம் எவ்வளவு தாமதிக்கிறது என்பதைக் கணக்கிட்டு, மழுங்கிய கோட்டிலிருந்து உண்மைக் கோட்டை எழுதினார். பாதரசம் வரைந்த கோட்டின் மேடுகளுக்கு ஆங்கில அகரவரிசையின் முதல் நான்கு எழுத்துகளைப் பெயராக இட்டிருந்தார். திருத்திய கோட்டிலுள்ள ஐந்து அலைகளுக்கு, 1895-ல், அகரவரிசையின் பிற்பாதியிலிருந்து பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டார். டி அலைக்குப் பின் மேலும் ஒரு சிற்றலை தென்பட்டபோது, அதற்கு யூ என்று பெயரிட இடம் இருந்தது. இன்று எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும், எந்த மொழி பேசும் டாக்டரும் இப்பெயர்களையே சொல்கிறார்.

ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் உட்கார்ந்து இவ்வளவு கணக்குப் போட முடியாதல்லவா? கணக்கே தேவைப்படாத விரைவுள்ள கருவி வேண்டுமென்று அவர் முடிவு செய்தார். பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1901-ல் அதைப் பற்றி எழுதினார். அதைக்கொண்டு எடுத்த இருதயப் படங்களை அடுத்த ஆண்டிலிருந்து வெளியிட்டார். அதன் பெயர் தந்திக் கால்வனாமீட்டர். வீணைக்குக் கட்டுவதையும் தந்தி என்கிறோம். ஊர்விட்டு ஊர் செய்தி அனுப்பியதையும் தந்தி என்றோம். இக்கருவிக்கு இரண்டு பொருளும் பொருந்தும்.

வலிமை மிக்க மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஒரே ஒரு தந்தி வீணையில்போல் இழுத்துக் கட்டியிருக்கும். அதன் வழியே மின்சாரம் பாய்ந்தால், அளவுக்கு ஏற்றவாறு இப்பக்கமோ அப்பக்கமோ விலகும். தந்தி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு விரைவாக விலகும். உலோகக் கம்பி போதாதென்று ஐந்தோவன் குவார்ட்ஸ் எனப்படும் பளிங்குக் கல்லை எடுத்துக்கொண்டார். அதை உருக்கி, உருகிய துளியை ஓர் அம்பின் வாலில் ஒட்டி, அம்பை எய்துவிடுவார்கள். அம்பு பறக்கும்போது பளிங்கு சிலந்தி நூலாக நீளும். இவ்வுத்தியைச் சில ஆண்டுகளுக்கு முன் கண்டவர் பாய்ஸ் என்னும் ஆங்கிலேயர். அந்நூலின் கனம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் இரண்டு மூன்று கூறு. நம் தலைமயிர் அதைப்போல் இருபது மடங்குக்கு மேல் பருமன். மின்சாரம் ஓடுவதற்காக அதற்கு வெள்ளி முலாம் பூச வேண்டும். கண்ணுக்கே சரியாகத் தெரியாத இந்த நூலைப் பிடித்து, முலாம் பூசி, அறுந்துவிடாமல் கட்டிய கைகளை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. காந்த முனைகளில் துளையிட்டு, பிரகாசமான விளக்கொளியைச் செலுத்தி, தந்தியின் நிழலைப் பூதக்கண்ணாடியால் பெரிதாக்கி, நகரும் படத்தகட்டில் விழச் செய்தார்கள்.

தந்தி இவ்வளவு நுண்ணியதாயினும் கருவி முழுவதும் சுமார் 270 கிலோ எடை. இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டது. இயக்குவதற்கு ஐந்து ஆட்கள் வேண்டும். காந்தம் சூடேறுவதால் எந்நேரமும் தண்ணீர் ஓடிக் குளிர்விக்க வேண்டும். நோயாளி இரு கைகளையும் இடக்காலையும் உப்புநீர் வாளிகளில் அமிழ்த்தி உட்கார்ந்திருப்பார். இத்தனை ஏற்பாடும் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்களவுள்ள மின்சாரத்தைக் காண்பதற்காக! காகிதம் நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகர வேண்டும், அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு வோல்ட்டுக்குக் கோடு ஒரு சென்டிமீட்டர் எழ வேண்டும் என்று அவர் வைத்த அளவுகளையே இன்று ஒருவர் கையில் தூக்கிச் செல்லும் கருவியும் கொண்டிருக்கிறது.

இதிலும் ஒரு சிக்கல் எழுந்தது. நோயாளிகள் இருந்தது ஆஸ்பத்திரியில். கருவி இருந்தது ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் பரிசோதனைச் சாலையில். கருவியைத் தூக்க முடியாது. மரணப் படுக்கையில் உள்ளவரையும் தூக்கி வர முடியாது. ஐந்தோவன் டெலிபோன் கம்பியை நாடினார். 1905 மார்ச் 22-ந் தேதி, ஆஸ்பத்திரியில் இருந்த ஒருவரின் இருதயத் துடிப்பு கம்பி வழியே ஊரைக் கடந்து வந்து பரிசோதனைச் சாலையில் படமாக விழுந்தது. முதலில் சோதிக்கப்பட்டவர் நோயாளியல்லர், நல்ல தேகக் கட்டுள்ளவர். அவருடைய சிகரங்கள் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தமைக்குக் காரணம், பரிசோதனைச் சாலையிலிருந்து ஆஸ்பத்திரி வரை அவர் சைக்கிள் மிதித்துச் சென்றதே என்று கருதினார்கள். இன்று கிராமத்து நோயாளியின் ஈ.ஸி.ஜி. கைப்பேசியில் நகரத்து நிபுணருக்குப் போகிறதே, அதற்கு மூத்த செயல் இது.

அவ்வாறு வந்த படங்களை 1906-ல் வெளியிட்டார். அவற்றுள் ஒன்று என் தகப்பனாருக்கு வந்த கோளாறு. மேலறை ஒரு கணக்கில், கீழறை ஒரு கணக்கில். அதைப் படித்த இரவு நான் எழுந்து போய்ப் பெட்டியிலிருந்த எங்கள் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன்.

இந்த அலைகளெல்லாம் உண்மையில் எவை என்பது, ஐந்தோவன் அவற்றுக்குப் பெயரிட்டபோது முழுவதும் விளங்கியிருக்கவில்லை. படம் முன்னே வந்தது. உடம்புக்குள் அதன் பாதை பின்னரே தெரிந்தது. இருதயத்தின் உட்சுவரில் பரவியுள்ள ஒருவகை நார்களைப் புர்கின்யே என்னும் செக் அறிஞர் 1839-லேயே கண்டிருந்தார். மேலறையையும் கீழறையையும் இணைக்கும் தசைக் கற்றையை 1893-ல் ஹிஸ் என்பவர் கண்டார். அக்கற்றை தொடங்கும் இடத்தில் முடிச்சுப் போன்ற ஒரு பகுதி இருப்பதையும், கற்றை கிளைவிட்டுப் போய்ப் புர்கின்யே நார்களாகவே பரவுவதையும், ஜெர்மனிக்குப் படிக்கச் சென்றிருந்த தவாரா என்ற ஜப்பானியர் 1906-ல் நிரூபித்தார். அவ்வாண்டுக் கோடையில் இங்கிலாந்தின் கென்ட் கிராமப் புறத்தில், ஆர்தர் கீத் என்பவர் தம் மனைவியுடன் சைக்கிளில் உலாவிவிட்டு வீடு திரும்பினார். வீட்டில் பரிசோதனை செய்துகொண்டிருந்த மாணவர் மார்ட்டின் ஃப்ளாக், அகழெலியின் இருதயத்தில் தாம் கண்ட விசித்திரமான ஒரு திசுவை அவருக்குக் காட்டினார். மேலிருந்து வரும் பெருநாளம் வலது மேலறையில் சேரும் இடம் அது. துடிப்பு பிறக்கும் மூல முடிச்சு அதுவே. 1907-ல் இருவரும் அதை வெளியிட்டனர்.

இப்போது பாதை முழுவதும் தெரிந்தது. மூல முடிச்சை நிலைய அதிபர் என்று கொள்ளலாம். ஓய்வாக இருக்கும்போது நிமிஷத்துக்கு 60 முதல் 100 தடவை அங்கிருந்து உத்தரவு புறப்படும். மூளை அந்த வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஆனால் உத்தரவு பிறப்பது அங்கேதான். அது மேலறைகளில் பரவுவதே பி என்னும் சிறு மேடு. பிறகு நடுவிலுள்ள தவாராவின் முடிச்சு, உத்தரவைச் சுமார் நொடியில் பத்தில் ஒரு பங்கு நிறுத்தி வைக்கிறது. கேபினில் இருப்பவர் லைன் கிளியர் வரும் வரை வண்டியை நிறுத்துவது போன்றதே இது. மேலறைகள் தம் இரத்தத்தைக் கீழே இறக்கி முடிக்க அவகாசம் வேண்டும். அதற்குள் கீழறைகள் சுருங்கிவிட்டால் வேலை கெட்டுவிடும். படத்தில் மேட்டுக்கும் சிகரத்துக்கும் இடையே தெரியும் சமதரை பெரும்பாலும் இந்தக் காத்திருப்பே. பின்னர் உத்தரவு ஹிஸ் கற்றை வழியே பாய்ந்து, கிளைகளில் பிரிந்து, கீழறைகள் முழுவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சுருங்குகின்றன. க்யூ, ஆர், எஸ் சேர்ந்த உயர்ந்த சிகரம் அது. டி என்னும் அலை, கீழறைகள் அடுத்த உத்தரவை ஏற்க மீண்டும் தயாராவதைக் காட்டுகிறது.

நிலைய அதிபர் உத்தரவு தராவிட்டால் நடு முடிச்சைச் சார்ந்த பகுதி 40 முதல் 60 வரை தானே அடிக்கும். அதுவும் இல்லையென்றால் கீழறை நார்கள் 20 முதல் 40 வரை அடிக்கும். ஒருவர் தவறினால் மற்றொருவர் பொறுப்பேற்கும்படி இயற்கை ஏற்பாடு செய்திருக்கிறது. தகப்பனாரின் 34 எங்கிருந்து வந்ததென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஐந்தோவனின் கருவியை முதலில் முனிச் நகரத்து நிறுவனமொன்று செய்து விற்றது. உரிமைப் பணம் கொடுப்பதில் தகராறு எழுந்தது. தந்திக் கால்வனாமீட்டர் ஐந்தோவனின் புது யோசனையன்று, பிரான்ஸ் தேசத்து ஆதேர் என்பவர் 1897-லேயே கடலடித் தந்திச் செய்திகளைப் பதிவு செய்ய அத்தகைய கருவி செய்துவிட்டார் என்பது எதிர்த்தரப்பின் வாதம். ஆதேரின் கருவி இருந்தது உண்மை. ஐந்தோவன் அதை மறைக்கவில்லை. தம் முதற் கட்டுரையிலேயே அவர் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் அக்கருவி இருதயத்தின் மெல்லிய மின்சாரத்தை உணரக் கூடியதன்று. என் எண்ணத்தில் வழக்கு ஐந்தோவன் பக்கமே. பின்னர் ஆங்கில நாட்டுக் கேம்பிரிட்ஜ் கருவி நிறுவனம் அதைச் செய்ய முன்வந்தது. அதை நிறுவி நடத்தியவர் ஹொரேஸ் டார்வின். பரிணாமக் கொள்கையை வகுத்த டார்வினின் புதல்வர்.

லண்டனில் தாமஸ் லூயிஸ் என்னும் இளம் வைத்தியர் இக்கருவியைக்கொண்டு துடிப்புக் கோளாறுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். நாடி தாறுமாறாக ஓடும் ஒரு நோய்க்குக் காரணம் மேலறைகள் சுருங்காமல் நடுங்குவதே என்று 1909-ல் காட்டினார். 1911-ல் அவர் எழுதிய பெருநூல் வைத்தியர்களுக்கு வழிகாட்டியாயிற்று. ஐந்தோவனுக்கும் அவருக்கும் பல ஆண்டுகள் கடிதப் போக்குவரத்து இருந்தது. கருவியைச் செய்தவருக்கும் அதைப் பயன்படுத்திப் புகழ் பெறுபவருக்கும் பொறாமை எழுவதை எத்தனையோ இடங்களில் பார்க்கிறோம். அவர்களிடையே அது இல்லை.

ஐந்தோவனும் சும்மா இருக்கவில்லை. இரு கைகளையும் இடக்காலையும் ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகளாகக் கொண்டு, இருதயத்தின் மின்சாரம் எத்திசை நோக்கிச் செல்கிறது என்று கணிக்கும் முறையை 1912-ஐ ஒட்டி வகுத்தார். அதில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்றுண்டு. மூன்று படங்களில் முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டினால் இரண்டாவது வந்தாக வேண்டும். வராவிட்டால் கம்பியை எங்கோ மாற்றி மாட்டியிருக்கிறார்கள். கணக்குப் பேரேட்டில் குறுக்குக் கூட்டல் சரிபார்ப்பவர்களுக்கு இது நன்கு பழகிய தந்திரம்.

1924-ஆம் ஆண்டுக்கான வைத்திய நோபல் பரிசு ஐந்தோவனுக்கு வழங்கப்பட்டது. செய்தி வந்தபோது அவர் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். வாலர் அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, 1922-ல், காலமாகிவிட்டார். அவர் உயிரோடிருந்தால் பரிசு இருவருக்கும் பங்காகியிருக்கும் என்று நான் எண்ணுகிறேன். ஐந்தோவன் தம் பரிசுச் சொற்பொழிவில் பிறர் பங்கை மறைக்கவில்லை. லூயிஸின் உழைப்பைத் தாராளமாகப் பாராட்டினார்.

பரிசுத் தொகை சுமார் 40,000 டாலர். அவருடைய வரலாற்றை எழுதுவோர் இதையொட்டிக் கூறும் ஒரு செய்தி உண்டு. கருவி உருவான காலத்தில் பரிசோதனைச் சாலையில் அவருக்குக் கைகொடுத்தவர் வான் டெர் வூர்ட் என்னும் தொழிலாளி. அவருக்கும் இதில் பங்குண்டென்று கருதி ஐந்தோவன் அவரைத் தேடினார். அவர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். அவருடைய சகோதரிகள் இருவர் வறுமையில் வாழ்ந்து வருவதை விசாரித்து அறிந்து, அவர்களிடம் பரிசில் பாதியைக் கொடுத்தார். சட்டப்படி கொடுக்க வேண்டியதில்லை; யாரும் கேட்கவுமில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பேராசிரியரின் பெயர்தான் இருக்கும். நூலைப் பிடித்தவரின் பெயரைச் சகோதரிகள் வீடுவரை சென்று தேடியவர் என்பதற்காகவே இவரைப் பற்றி எழுத வேண்டுமென்று எனக்குத் தோன்றிற்று.

ஐந்தோவனுக்கு மூன்று பெண்கள், ஒரு மகன். மகன் மின்சார எஞ்சினீயர். தந்தையும் மகனும் சேர்ந்து, தந்திக் கால்வனாமீட்டரை மேலும் நுட்பமாக்கி, காற்றகற்றிய பெட்டியில் அமைத்து, கம்பியில்லாத் தந்தியைப் பதிவு செய்யும் கருவியாக்கினார்கள். ஜாவாவிலிருந்து ஹாலந்துக்கு வானொலி வழியே வந்த செய்திகள் அதில் பதிவாயின. கடலடித் தந்திக்காக ஆதேர் செய்தது, இருதயத்துக்குப் போய், மறுபடியும் தந்திக்கே திரும்பிற்று. அதுவும் ஐந்தோவன் பிறந்த தீவிலிருந்து வந்த தந்திக்கு. அந்த மகன் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரின் சிறையில் அகப்பட்டு 1945-ல் இறந்தார். அதைக் காணத் தந்தையார் இருக்கவில்லை. வயிற்றில் புற்றுநோய் கண்டு, 1927 செப்டம்பர் மாதக் கடைசியில், 67-ஆம் வயதில், லெய்டனில் அவர் காலமானார். ஊரையடுத்த உக்ஸ்ட்கேஸ்ட் கிராமத்து மாதாகோவில் தோட்டத்தில் அவருடைய சமாதி இருக்கிறது.

கம்பி அறுந்த இருதயத்துக்கு உடம்புக்குள்ளேயே இருந்து உத்தரவு கொடுக்கும் கருவி அவர் மறைந்து முப்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின் வந்தது. 1958-ல் ஸ்வீடன் நாட்டில் சென்னிங் என்னும் ரண வைத்தியர், எல்ம்க்விஸ்ட் என்னும் எஞ்சினீயர் செய்த பேஸ்மேக்கரை ஆர்னே லார்சன் என்பவரின் உடம்புக்குள் வைத்தார். முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. அடுத்தடுத்துப் பல கருவிகளை மாற்றிக்கொண்டு லார்சன் 2001 வரையில் வாழ்ந்தார். அவருக்கு வைத்தியம் செய்த இருவரும் அவருக்கு முன்பே போய்விட்டனர்.

தகப்பனாரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்கிறேன். காகிதத்தை வாங்கியதும் கருவியின் கோடு எது என்று கேட்பார். ஒவ்வொரு பெரிய சிகரத்துக்கும் முன்னால் குத்தூசிபோல் நேராக நிற்கும் சிறு கோட்டைக் காட்டுவேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு கோடும் விட்டுப்போகவில்லையா என்று கார்டு வண்டியில் சீல் எண்ணியவரைப் போல முழுவதும் எண்ணிப் பார்ப்பார். வெப்பத்தால் எழுதும் அக்காகிதம் சில ஆண்டுகளில் வெளுத்துவிடுகிறது. ஆகையால் வரும் வழியில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, தேதி எழுதி, பென்ஷன் காகிதங்களோடு சேர்த்து வைத்துவிடுகிறோம்.